வேக்கம் போனா என்ன ஆகும்?

பழைய அமெரிக்கக் கார்களுக்கு வரும் நோய்களில் ஒன்று கொஞ்சம் விசித்திரமானது. சமதளத்தில் ஓட்டும்போது ஹீட்டர் காற்று கேட்ட இடத்தில் ஒழுங்காக வரும். நெடுஞ்சாலையில் ஏறுவதற்காக ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முகத்தில் வந்துகொண்டிருந்த காற்று மெல்லச் செத்துப்போகும். அதே காற்று முன்கண்ணாடியின் அடியிலிருந்து புஸ்ஸென்று கிளம்பும். நாம் எந்தப் பொத்தானையும் தொட்டிருக்க மாட்டோம். வேகம் பிடித்தபின் காலைக் கொஞ்சம் எடுத்தால், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

முதல்முறை பார்ப்பவர்கள் மின்சாரக் கோளாறு என்று நினைத்து ஃப்யூஸ் பெட்டியைத் திறப்பார்கள். அங்கே ஒன்றும் அகப்படாது. 1960களிலும் 70களிலும் வந்த பல கார்களில் காற்றின் திசையை மாற்றும் வேலையை மின்சாரம் செய்யவில்லை. வெற்றிடம் செய்தது.

பெட்ரோல் எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு பிஸ்டனும் கீழே இறங்கிக் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று வரும் வழியில் த்ராட்டில் குறுக்கே நிற்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது அது கிட்டத்தட்ட மூடியே இருக்கும். மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். உள்ளே ஒரு இறுக்கம் தெரியுமே, அதுதான். த்ராட்டிலுக்கு அப்பால் எஞ்சினின் வாய்ப்பகுதியில் அழுத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். அளந்தால் 18 முதல் 20 அங்குலப் பாதரசம் வரும். 1640களில் டோரிசெல்லி பாதரசக் குழாயைக் கவிழ்த்து வைத்துக் கண்டுபிடித்த கணக்கு இன்னும் மெக்கானிக்கின் கேஜில் அங்குலமாக வாழ்கிறது. கடல் மட்டத்தில் முழு வெற்றிடம் என்றால் கிட்டத்தட்ட 30 அங்குலம். அப்படிப் பார்த்தால் சும்மா நின்று உறுமிக்கொண்டிருக்கும் எஞ்சினில் மூன்றில் இரண்டு பங்கு வெற்றிடம் இலவசமாகக் கிடைக்கிறது.

இலவசமாகக் கிடைப்பதை டெட்ராய்ட் விட்டுவைக்கவில்லை. பிரேக்கை அழுத்த உதவுவது, முகப்பு விளக்குகளின் மூடியைத் திறப்பது, பார்க்கிங் பிரேக்கை விடுவிப்பது, கதவைப் பூட்டுவது என்று ஏகப்பட்ட வேலைகளை அதன் தலையில் கட்டினார்கள். அதற்கு முந்தைய தலைமுறைக் கார்களில் வைப்பர்கூட வெற்றிடத்தில் ஓடியது. மழையில் மேட்டில் ஏறும்போது, கண்ணாடி தெளிவாகத் தெரிந்தே ஆகவேண்டிய அந்த நேரத்தில், வைப்பர் களைத்துப்போய் நின்றுவிடும். காரணம் மேலே சொன்னதுதான். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் த்ராட்டில் திறந்துகொள்ளும். மூக்கைப் பொத்திய விரலை எடுத்த மாதிரி. வெற்றிடம் பூஜ்யத்துக்கு அருகில் போய்விடும்.

ஹீட்டரில் இது எப்படி வேலை செய்கிறது என்றால், டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் சின்னச் சின்னக் கதவுகள். ஒன்று திறந்தால் காற்று முகத்துக்கு, இன்னொன்று திரும்பினால் காலுக்கோ கண்ணாடிக்கோ. ஒவ்வொரு கதவோடும் தட்டையான ஒரு டப்பா. அதற்கு வேக்கம் மோட்டார் என்று பெயர், ஆனால் உள்ளே மோட்டார் எதுவும் கிடையாது. ஒரு ரப்பர் சவ்வு, ஒரு ஸ்பிரிங், ஒரு கம்பி, அவ்வளவுதான். சவ்வின் ஒரு பக்கத்தில் காற்றை உறிஞ்சினால் மறுபக்கத்துக் காற்று அதைத் தள்ளும். சவ்வு இரண்டரை அங்குல விட்டம், வெற்றிடம் 18 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், தள்ளும் விசை ஏறத்தாழ 20 கிலோ. உள்ளங்கையில் அடங்கும் டப்பாவுக்கு இது பெரிய பலம். நாம் முன்னால் தள்ளுகிற லீவர், எந்த டப்பாவுக்கு வெற்றிடம் போகவேண்டும் என்று குழாய்களைத் திறந்து மூடுகிறது.

மேட்டில் ஏறும்போது வெற்றிடம் குறைந்துவிடுமே? அதற்காகத்தான் வழியில் ஒரு சேமிப்புக் குடுவை வைத்தார்கள். சில கார்களில் பார்ப்பதற்குக் காப்பித்தூள் டின் மாதிரியே இருக்கும். எஞ்சினுக்கும் குடுவைக்கும் நடுவே கட்டைவிரல் அளவில் ஒரு செக் வால்வு. எஞ்சின் பக்கம் வெற்றிடம் போனாலும் குடுவையில் சேர்த்து வைத்தது திரும்பிப் போகாமல் அது அடைத்துக்கொள்ளும். வண்டி நல்ல நிலையில் இருந்தால் மேட்டில் காற்று இடம் மாறவே மாறாது.

*

என்னிடம் இருப்பது 1978இல் செய்த ஒரு நான்கு கதவு செடான். கம்பெனிப் பெயரைச் சொன்னால் கட்சி பிரிந்து சண்டை வரும், வேண்டாம். நான்கு வருடத்துக்கு முன், தெருக்கோடியில் இருந்த பாட்டி தன் கணவர் போனபிறகு ஷெட்டைக் காலி செய்தபோது வாங்கினேன். நான் இருப்பது டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில். வேலையும் கார் சம்பந்தப்பட்டதுதான். இன்றைய கார்களின் ஹீட்டர், ஏசியைக் கட்டுப்படுத்தும் மென்பொருள். இப்போதெல்லாம் அந்தச் சின்னக் கதவுகளை மின்மோட்டார்கள் திருப்புகின்றன. கதவு எங்கே நிற்கிறது என்று மோட்டார் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கோளாறு என்றால் ஒரு எண் பதிவாகும். எல்லாம் நேர்த்திதான். ஒரே ஒரு வித்தியாசம். மின்மோட்டார் செத்தால் கதவு பெரும்பாலும் அந்த நேரத்தில் எங்கே இருந்ததோ அங்கேயே நின்றுவிடும். காலுக்கு என்றால் காலுக்கு, பாதியில் என்றால் பாதியில்.

வேக்கம் டப்பா அப்படியில்லை. அதற்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. வெற்றிடம் போன அந்த நொடியே ஸ்பிரிங் கதவைத் தள்ளி, தனக்கென்று விதித்த இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். எந்த இடம் என்பதை வண்டியை வரைந்தவர் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். அமெரிக்கக் கார்களில் பெரும்பாலும் அந்த இடம் முன்கண்ணாடிதான். டீஃப்ராஸ்ட். வெந்நீரை ஹீட்டருக்கு விடும் வால்வும் பல கார்களில் இதே கணக்குத்தான். வெற்றிடம் இருந்தால் மூடும், போனால் திறந்துகொள்ளும். குழாய் எல்லாம் அறுந்து தொங்கினாலும், ஃபேன் ஓடும்வரை கண்ணாடிக்குச் சூடான காற்று வந்துகொண்டிருக்கும். முகம் வேர்க்கும், கால் விறைக்கும், ஆனால் ரோடு தெரியும்.

1968இலிருந்து அமெரிக்காவில் விற்கும் கார்களில் கண்ணாடியின் உறைபனியையும் மூட்டத்தையும் நீக்கும் ஏற்பாடு கட்டாயம் என்று சட்டம் இருக்கிறது. அது ஒரு குறைந்தபட்சக் கணக்கு. ஸ்பிரிங்கை எந்தப் பக்கம் வைப்பது என்பது ஒரு மேஜையில் உட்கார்ந்த ஒருவர் யோசித்த விஷயம். எல்லாமே போய்விட்டால் எது மட்டும் மிஞ்ச வேண்டும் என்று அவர் தன்னைத்தானே கேட்டிருக்கிறார்.

*

போன வருடம் செப்டம்பரில் அப்பா வந்தார். அம்மா போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. திருச்சி பொன்மலையில் தனியாக இருக்கிறார். விசிட்டர் விசாவில் ஆறு மாதம் தங்கலாம், அதற்குமேல் இன்னொரு ஆறு மாதம் நீட்டிக்க விண்ணப்பிக்கலாம். நானும் மனைவியும் மனசுக்குள் ஒரு வருடம் என்றே கணக்கு வைத்திருந்தோம்.

அப்பா ரயில்வேயில் இருந்தவர். கலாசியாகச் சேர்ந்து, கேரேஜ் ஃபிட்டராகி, கடைசியில் டி.எக்ஸ்.ஆர். ஆக ஓய்வு பெற்றார். ட்ரெயின் எக்ஸாமினர். வண்டி கிளம்புமுன் சுத்தியலும் டார்ச்சுமாக ஒவ்வொரு பெட்டியின் அடிவயிற்றையும் பார்த்துக்கொண்டே நடப்பார்களே, அவர்கள். முப்பது வருடத்துக்கு மேல் அவர் பேசிய பேச்சில் பாதி ஒரே ஒரு வார்த்தையைச் சுற்றியே இருந்தது. வேக்கம். "வேக்கம் ஏறல", "வேக்கம் டிராப் ஆவுது", "எவனோ வேக்கத்த புடுங்கிட்டான்". சின்ன வயதில் எனக்கு அது ஏதோ பக்கத்துத் தெரு ஆளின் பெயர் மாதிரி இருக்கும்.

இங்கே வந்த முதல் இரண்டு வாரம் பேத்தியை ஸ்கூல் பஸ் ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, தெருவில் ஆளே போகாததைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் நான் காரில் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மிச்சிகனின் இந்தப் பக்கம் தோசைக்கல் மாதிரி தட்டை. மேடு என்றால் நெடுஞ்சாலைக்கு ஏறும் சரிவுதான். ஏறும்போது காற்று இடம் மாறியது. காலுக்குத் திருப்பிப் பார்த்தேன். காலுக்கு எப்போதுமே வருவதில்லை, கண்ணாடிக்கே போகும். அப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. பாதம் எப்போதும் ஜில்லென்று இருக்கும். இரண்டு சாக்ஸ் போட்டிருந்தார்.

"ஏன்டா காத்து மேல போவுது?"

"வேக்கம் லீக்குப்பா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதுல வேக்கமா?"

வீட்டுக்கு வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு பானெட்டைத் திறக்கச் சொன்னார்.

*

ரயிலில் வேக்கம் பிரேக் எப்படி என்று அப்பா அன்று என் மகளுக்கு விளக்கினார். எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டிவரை ஒரே குழாய் ஓடும். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே ரப்பர் ஹோஸ் பைப். எஞ்சின் அந்தக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும், 21 அங்குலம் வரை. ஒவ்வொரு பெட்டிக்கடியிலும் ஒரு சிலிண்டர், அதில் ஒரு பிஸ்டன். பிஸ்டனுக்கு மேலேயும் வெற்றிடம், கீழேயும் வெற்றிடம். அதனால் அது தன் எடைக்குக் கீழேயே கிடக்கும். பிரேக் விலகியிருக்கும். குழாய்க்குள் காற்றை விட்டால் அது பிஸ்டனுக்கு அடியில் மட்டும் போகும். மேலே இன்னும் வெற்றிடம். காற்று பிஸ்டனை மேலே தள்ளும், பிரேக் பிடிக்கும்.

"வேக்கம் இழுத்துப் புடிக்கும்னு எல்லாரும் நெனப்பாங்க. அது எதையும் இழுக்காது பாப்பா. வெளிய இருக்கற காத்துதான் தள்ளுது."

"அப்ப செயின் புடிச்சு இழுத்தா?"

"செயின் ஒரு சின்ன ஓட்டையத் தொறக்கும். காத்து உள்ள பூரும். அவ்ளோதான்."

நான் கேஜை எஞ்சினில் நேராக மாட்டினேன். 18 அங்குலம், முள் ஆடாமல் நின்றது. எஞ்சின் மேல் குற்றமில்லை. அடுத்து செக் வால்வுக்கு அந்தப் பக்கம், குடுவை இருக்கும் வரிசையில் மாட்டி எஞ்சினை நிறுத்தினேன். முள் பல நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். நான்கு எண்ணுவதற்குள் பூஜ்யத்தில் விழுந்தது. செக் வால்வைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தேன். ஒரு பக்கம் வாயை வைத்து ஊதினார். காற்று போனது. திருப்பி வைத்து ஊதினார். அதற்கும் போனது. "இது வால்வு இல்ல, பைப்பு" என்று பெஞ்சில் வைத்தார்.

மேட்டில் காற்று மாறியதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. விலை சில டாலர். புதிதை மாட்டியபின்னும் முள் மெதுவாக இறங்கியது. இன்னும் எங்கோ கசிகிறது.

இந்த இடத்தில்தான் பலர் தோற்பார்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் குழாய்கள் சேமியா மாதிரி மெல்லியவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். கசிவு இழுக்கும் சத்தம் இருக்கிறதா என்று ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்பது ஒரு வழி. அப்பாவுக்கு ஒரு காது ரயில்வேயோடு போய்விட்டது. அவர் வேறு வழி சொன்னார்.

"பதினாறு பெட்டி. கார்டு வண்டியில வேக்கம் கம்மி. எங்க லீக்குன்னு ஒவ்வொரு பெட்டியா பாத்தா வண்டி கெளம்பாது. நேரா எட்டாவது பெட்டிக்குப் போ. ஹோஸ கழட்டி டம்மி போடு. எஞ்சின் பக்கம் வேக்கம் நல்லா ஏறுதா? அப்ப இந்த எட்டும் சுத்தம், அந்த எட்டுல இருக்கு. அதுல பாதி. அப்புறம் அதுல பாதி."

நான்கு தடவையில் பெட்டி அகப்பட்டுவிடும். என் தொழிலில் இதற்கு பைனரி தேடல் என்று பெயர், கல்லூரி இரண்டாம் வருடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்தேன். அதே வருடங்களில் அப்பா தினமும் அதை நடந்தே செய்துகொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேரும் வீட்டில் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

லீவருக்குப் பின்னால் குழாய்கள் பிரியும் இடத்தில் பாதியை அடைத்தோம். கைப் பம்பால் வெற்றிடம் ஏற்றினோம். மீதிப் பாதியில் முள் நின்றது. அடைத்ததைத் திறந்து, அதில் பாதியை அடைத்து, மறுபடி. மொத்தம் இரண்டு இடம் அகப்பட்டது. ஒன்று, எஞ்சின் அறையிலிருந்து உள்ளே நுழையும் இடத்தில் சூட்டில் கெட்டியாகிப்போன ஹோஸ். பார்வைக்கு நன்றாக இருந்தது. அப்பா அதை இரண்டு விரலில் பிடித்து மெல்ல வளைத்தார். வெடிப்பு வாயைத் திறந்தது. "ரப்பர நீட்டி வச்சுப் பாக்கக் கூடாது. வளச்சுப் பாக்கணும்."

இரண்டாவது, காலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் கதவின் டப்பா. பம்ப் அடித்தால் கம்பி அரை அங்குலம் வந்து, தயங்கி, திரும்பிப் போனது. சவ்வு கிழிந்திருக்கிறது. காலுக்குக் காற்று வராததன் காரணம் இது. புது டப்பாவுக்கு ஆர்டர் போட்டோம். வருவதற்கு ஒன்பது நாள். அதுவரை அந்தக் கிளைக்கு ஒரு சின்ன ரப்பர் மூடி. அப்பா அதையும் டம்மி என்றுதான் சொன்னார்.

*

அந்த ஒன்பது நாளுக்குள் என் அலுவலகத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பதினைந்து நிமிடக் கூட்டம் நடந்தது. எங்கள் குழுவில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களை அனுப்பிவிட்டார்கள். என் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டில் சொல்லக் கூடாது என்றில்லை, அப்பா முன்னால் வேண்டாம் என்று நினைத்தேன். இரவு சமையலறையில் நானும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு காது போனவர்தானே என்ற தைரியம். இன்னொரு காது நன்றாகவே இருக்கிறது.

இங்கே எங்கள் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதைப் படிக்கிற பலருக்குத் தெரிந்ததுதான். நான் எச்-1பி. வேலை போனால் 60 நாள். அதற்குள் வேறு வேலை, அல்லது வேறு விசா, அல்லது பெட்டி. மனைவி வேலைக்குப் போவதற்கான அனுமதி என் விசாவைப் பிடித்துத் தொங்குகிறது. என்னுடையது போனால் அதுவும் போகும். மகள் இங்கே பிறந்தவள், அவளுக்கு மட்டும் கேள்வியில்லை. எட்டு வயது.

டப்பா சனிக்கிழமை வந்தது. க்ளவ் பாக்ஸைக் கழற்றிவிட்டு நான் முன் சீட்டின் அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டேன். அப்பா டார்ச் பிடித்தார். சின்ன வயதில் அவர் சைக்கிளைப் பிரிக்கும்போது நான் டார்ச் பிடித்து, ஒளி நகர்ந்ததென்று திட்டு வாங்கிய நாட்கள் உண்டு. அவர் கையில் ஒளி அசையவே இல்லை.

"ஆபீஸ்ல எத்தன பேரு?" என்றார்.

நான் நட்டைத் திருகிக்கொண்டே சொன்னேன்.

"ஒனக்கு?"

"எனக்கு இல்லப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இங்க எல்லாம் ஒரே கொழாயில ஓடுது. ஒன் விசா, அவ வேல, வீட்டு வாடக, புள்ள ஸ்கூலு. இப்ப நானும். எஞ்சின் நின்னா?"

"சேமிப்பு இருக்குப்பா."

"ரிசர்வாயர்ல எத்தன பிரேக்குக்கு இருக்கும்?"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். "நாலஞ்சு மாசம்."

"சரி. அதுக்கப்புறம் கதவு எந்தப் பக்கம் போவும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நட்டு கையிலிருந்து விழுந்து கார்ப்பெட்டுக்குள் எங்கோ உருண்டது. அவர் ஒளியை அதன்மேல் கொண்டுவந்து நிறுத்தினார்.

அவர் டிசம்பரில் கிளம்புகிறேன் என்று அன்றைக்குத்தான் சொன்னார். நான் வாதாடினேன். பனி போகட்டும், ஏப்ரல் நன்றாக இருக்கும், நீட்டிக்க விண்ணப்பம் போடலாம். அவர் பதில் சுருக்கமாக இருந்தது. பொன்மலையில் ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது, அட்டை இருக்கிறது, பென்ஷன் முதல் தேதி விழும். கீழே விழுந்தால் பக்கத்து வீட்டில் தூக்க ஆள் இருக்கிறது. இங்கே விழுந்தால் நீ ஆபீசிலிருந்து வரவேண்டும். "நான் இங்க நல்லா இருக்கேன்டா. ஆனா நீ புடிச்சுகிட்டு இருக்கறதால நல்லா இருக்கேன்." குரலில் வருத்தமில்லை. ஹோஸை வளைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிற மாதிரி சொன்னார்.

*

அந்த வாரம் இரவுகளில் பிரேக்குகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊரிலிருந்து 1889 ஜூன் 12 அன்று ஒரு சுற்றுலா ரயில் கிளம்பியது. ஞாயிறு பள்ளிக் குழந்தைகளும் பெற்றோரும் நிறைந்த வண்டி. செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சின் திணறி நின்றது. வண்டியை இரண்டாகப் பிரித்து முன்பாதியை முதலில் கொண்டுபோக முடிவு செய்தார்கள். அந்த வண்டியிலும் வேக்கம் பிரேக்தான். ஆனால் அது தலைகீழ் வகை. வெற்றிடம் உண்டானால் பிரேக் பிடிக்கும், வெற்றிடம் போனால் விட்டுவிடும். எஞ்சினிலிருந்து பிரித்ததும் பின்பாதிக்கு பிரேக்கே இல்லை, கடைசிப் பெட்டியின் கைப்பிரேக்கைத் தவிர. பெட்டிகள் சரிவில் பின்னோக்கி உருண்டு, கீழே வந்துகொண்டிருந்த அடுத்த வண்டியில் மோதின. ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள். அதில் பலர் குழந்தைகள்.

அந்த வருடமே பிரிட்டனில் சட்டம் வந்தது. பயணி வண்டிகளில் தானியங்கி பிரேக் கட்டாயம். அதாவது வண்டி அறுந்தால், குழாய் கிழிந்தால், எஞ்சின் செத்தால் பிரேக் தானாகவே பிடிக்க வேண்டும். வெற்றிடத்தின் வேலை பிரேக்கைப் பிடிப்பதிலிருந்து பிரேக்கை விலக்கி வைப்பதாக மாறியது. குழாய் அதே குழாய், சிலிண்டரும் அதே மாதிரிதான். எல்லாம் போனால் என்ன ஆகவேண்டும் என்ற கேள்வியை மட்டும் முதலில் கேட்டுவிட்டு மற்றதை வரைந்தார்கள்.

அப்பாவிடம் ஆர்மா பற்றிக் கேட்டேன். பெயர் தெரியவில்லை. ஆனால் ட்ரெயினிங் ஸ்கூலில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இதுதான் என்றார். "வண்டி ஓடறதுக்குத்தான் வேக்கம் வேணும். நிக்கறதுக்கு ஒண்ணும் வேணாம்."

இந்த வாக்கியத்தை என் வாழ்க்கைமேல் அப்படியே போட்டுப் பார்த்தால் பொருந்தாது. எங்கள் விஷயத்தில் ஓடுவதற்கும் வேலை வேண்டும், நிற்பதற்கும் வேலை வேண்டும். ஆர்மா வண்டி மாதிரி, எஞ்சின் பிடித்திருக்கும்வரை எல்லாம் பத்திரம். இத்தனைக்கும் பிழைப்புக்காக நான் எழுதுவதே, தொடர்பு அறுந்தால் கதவு எங்கே போகவேண்டும் என்ற நிரல்தான். அதற்கென்று ஒரு அட்டவணை உண்டு. இடப்பக்கம் கோளாறு, வலப்பக்கம் மாற்று நிலை. அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் பரிசோதனைக் குழு வண்டியை வெளியே விடாது.

நானும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதே மாதிரி ஒரு அட்டவணை போட்டோம். இரண்டு பேரும் இதுவரை தவிர்த்துவந்த பேச்சு. வேலை போனால் முதல் வாரம் யாரிடம் பேசுவது, இன்ஷூரன்ஸ் எத்தனை நாள், மகளின் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது, அவளுக்குத் தமிழ் படிக்க வருமா. பாதிக்கு மேல் நிரப்ப முடிந்தது. எங்கே போவோம் என்ற கட்டத்தில் அவள் "திருச்சி" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். நான் அதை அழிக்கவில்லை.

*

புது டப்பாவை மாட்டியபின் காலுக்கு வெந்காற்று வந்தது. நவம்பர் பாதிவரை அப்பாவும் நானும் எல்லா வார இறுதியும் ஓட்டினோம். அவர் ஒற்றைச் சாக்ஸோடு உட்கார்ந்து, ஒவ்வொரு சரிவிலும் கையை டாஷ்போர்டின் மேல் நீட்டி, காற்று அங்கே வருகிறதா என்று சோதிப்பார். வரவில்லை என்றால் தலையை ஒருமுறை ஆட்டுவார்.

இங்கே முதல் பனிக்கு முன்னால் பழைய வண்டிகளை உள்ளே வைத்துவிட வேண்டும். பனியைவிட உப்புதான் எதிரி. டெட்ராய்ட் நகரின் அடியிலேயே ஏறத்தாழ 1,200 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கம் இருக்கிறது. அங்கிருந்து வெட்டி எடுத்து ரோட்டில் கொட்டுகிறார்கள். அந்த ஊரில் செய்த காரை அந்த ஊரின் உப்பே தின்றுவிடும். நவம்பர் கடைசியில் உப்பு லாரியை முதலில் பார்த்த அன்று வண்டியை ஷெட்டில் விட்டு, பேட்டரி வயரைக் கழற்றினோம். டிசம்பர் இரண்டாம் வாரம் அப்பா கிளம்பினார். செத்துப்போன செக் வால்வை ஒரு காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டால், "பொன்மலையில நாலு பேர் இருக்கானுங்க, அமெரிக்கக் கார்ல வேக்கம் இருக்குன்னா நம்ப மாட்டானுங்க."

பொங்கலுக்குப் போன் செய்தபோது பின்னால் யாரோ சுவரைக் கொத்துகிற சத்தம் கேட்டது. என்னப்பா வேலை நடக்குது என்றேன். மாடியில் ஒரு ரூம் எடுக்கிறேன் என்றார். ரொம்ப நாளாகத் தண்ணீர்த் தொட்டியும் உடைந்த நாற்காலிகளும் கிடந்த இடம். தனியாக பாத்ரூம், வெஸ்டர்ன் வச்சு. பாப்பாவுக்கு ஜன்னல் பக்கம் ஒரு மேஜை போட இடம் விட்டிருக்கிறது.

"எதுக்குப்பா இப்ப?"

"எதுக்கும் இல்ல" என்றார். "சும்மா கெடக்கட்டும்."